ரசீது யார் பேரில் இருக்கு?

2024 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் ராசிபுரத்தில் இருந்து தங்கச்சி போன் பண்ணினாள். குரலே சரியில்லை. "அக்கா, பாப்பாவோட ஸ்கூல் ரசீதை ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரு பேர்ல இருக்காம், என் கணக்குல காட்ட முடியாதாம். அவருகிட்ட கேட்டா, அதோட ஜெராக்ஸை ஆடிட்டர்கிட்ட எப்பவோ குடுத்தாச்சு, நீ ஏன் குறுக்க வர்றேங்கறாரு. ஃபீஸ் கட்டினது நான்க்கா. மாசாமாசம் என் சம்பளத்துல இருந்துதான் போகுது."

அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்கு நாமக்கல்லில் இரண்டு லாரி. சேலம், நாமக்கல் பக்கம் பத்து வீட்டில் மூன்று வீடு இப்படித்தான் இருக்கும்: ஒருவர் மாதச் சம்பளம், இன்னொருவர் லாரி, ரிக், தறி, கோழிப்பண்ணை, வெள்ளிப் பட்டறை என்று சொந்தத் தொழில். ஒரே பிள்ளை, ஒரே ரசீது, இரண்டு வரிக்கணக்கு. பத்து வருடமாக ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். பிப்ரவரி வந்தால் இந்தச் சண்டையை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். அன்றைக்கு அவளுக்குப் போனில் சொன்னதையும், அதற்குப் பிறகு மற்ற தங்கச்சிகளுக்குச் சொல்லிக்கொண்டு இருப்பதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அவளிடம் கேட்டது, "வருமான வரியில நீ பழைய முறையா, புதிய முறையா? அவரு எதுல இருக்காரு?" என்றுதான். நம் நாட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதற்காகப் பொதுவாக வரிச் சலுகை கிடையாது. குழந்தைக்காகச் செலவு செய்தாய், சேமித்தாய் என்றால்தான் கழிவு. பள்ளிக் கட்டணம் வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் வருகிறது, அதுவும் பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். 2023-24 கணக்கு ஆண்டில் இருந்து நாமாக வேண்டாம் என்று சொன்னால் ஒழிய எல்லோரும் புதிய முறைதான்.

மாப்பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பத்து வண்டிக்கு மேல் இல்லாத லாரிக்காரர்கள் 44ஏஇ பிரிவில் உத்தேச வருமானம் காட்டலாம். 12 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். 28 டன் வண்டி இரண்டு என்றால் வருடத்துக்கு 6,72,000. அந்த ஆண்டு புதிய முறையில் 7 லட்சம் வரை வரியே இல்லை. ஆக அவர் ரசீதைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வரி சைபர். அந்த முறையில் பள்ளிக் கட்டணத்தைக் காட்டவும் வழியில்லை.

தங்கச்சி கணக்கு அப்படி இல்லை. வருடச் சம்பளம் 9 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், பழைய முறை. நிலைக்கழிவு 50,000. 80சி-க்கு உச்ச வரம்பு 1,50,000. அதில் ஓய்வூதியத்துக்கான சி.பி.எஸ். பிடித்தம் 84,000, வீட்டுக்கடன் அசல் 30,000 போக 36,000 இடம் காலியாக இருந்தது. பாப்பாவின் டியூஷன் ஃபீசும் சரியாக 36,000. அதைச் சேர்த்தால் வரிக்குரிய வருமானம் 5 லட்சத்தில் நிற்கும், தள்ளுபடி கிடைத்து வரி இல்லாமல் போகும். சேர்க்காவிட்டால் 5,36,000. தள்ளுபடி மொத்தமும் போய், செஸ்ஸோடு 20,488 ரூபாய் கட்ட வேண்டும். ஒரே ஒரு தாள். அவருக்கு அதனால் ஒரு ரூபாய் லாபமில்லை, இவளுக்கு இருபதாயிரம். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கணக்குத் தெரியாமல்தான் அவர் அதுவரை முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதனால் கண்ணு, யார் பெரியவர் என்று பேச ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு பேர் கணக்கையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். 2025-26-ல் இருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 சேர்த்தால் 12,75,000 வரை. இரண்டு பேருமே அந்த எல்லைக்குள் புதிய முறையில் இருந்தால் ரசீதை யார் வைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். பழைய முறையில் நிற்க உண்மையிலேயே காரணம் உள்ளவர்களுக்குத்தான் இனி இந்தப் பேச்சு. இன்னொன்று: சம்பளக்காரர்கள் வருடா வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். சொந்தத் தொழில் உள்ளவர் பழைய முறைக்கு வந்துவிட்டுத் திரும்பப் புதியதற்குப் போனால், தொழில் இருக்கும் வரைக்கும் மறுபடி பழையதற்கு வர முடியாது. அதனால் நம்ம ஊர் வீடுகளில் பெரும்பாலும் சம்பளக்காரர் கணக்கில் கட்டணத்தை வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இனி ரசீது. சட்டம் பார்ப்பது பணம் கட்டியது யார் என்பதை. ரசீதில் அப்பா பெயர் அச்சாகி இருப்பது பள்ளிக்கூடத்தின் பழக்கம், அவ்வளவுதான். சேர்க்கைப் படிவத்தில் முதல் வரி அப்பா பெயர், கம்ப்யூட்டர் அதையே எடுத்துப் போட்டுவிடுகிறது. ஆனால் பில் பாஸ் பண்ணும் இடத்தில் இருப்பவர் தாளில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தங்கச்சியை நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போகச் சொன்னேன். அவள் வங்கிக் கணக்கில் இருந்து பணம் போன ஸ்டேட்மென்ட்டைக் காட்டி, "இந்த மாணவியின் கல்விக் கட்டணம் தாயாரால் செலுத்தப்பட்டது" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்கினாள். ஒரே நாளில் வேலை முடிந்தது.

கூடவே தலைப்பு வாரியாகப் பிரித்த ரசீதும் கேள். நம் பகுதியில் இது ரொம்ப முக்கியம். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளுக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். 2017-ல் மருத்துவச் சேர்க்கை நீட் வழிக்குப் போன பிறகு அதற்கான பயிற்சியும் பள்ளிக் கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டது. மொத்தமாக ஒரு பெரிய தொகையை ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 80சி-க்கு அதில் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் செல்லும். விடுதி, சாப்பாடு, வேன், சீருடை, புத்தகம் எதுவும் சேராது. வளர்ச்சி நிதி, நன்கொடை சேராது. வெளியே போகும் டியூஷன் சென்டரும் சேராது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. கட்டணம் சேரும், பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பள்ளியோ கல்லூரியோ இந்தியாவில் இருக்க வேண்டும், முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு குழுவே இருக்கிறது. அதனால் எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கேட்பதில் உனக்குக் கூச்சமே வேண்டாம்.

ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை காட்டலாம். இந்த இரண்டு என்பது ஆளுக்கு இரண்டு. மூன்று பிள்ளை இருந்தால் அப்பா இரண்டு, அம்மா ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே பிள்ளையின் கட்டணத்தில் முதல் டேர்ம் அவர், அடுத்த டேர்ம் நீ என்று கட்டினால், கட்டினதை அவரவர் காட்டலாம். ஒரே ரூபாயை இரண்டு பேரும் காட்டுவதுதான் தப்பு.

தாய்மாமன் ஃபீஸ் கட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். சீர் செய்வது மாதிரி, அக்கா பிள்ளையின் படிப்பையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்கிற தம்பிகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. தாய் தகப்பன் கட்டினால்தான். தம்பி உதவ நினைத்தால் பணத்தை உன் கணக்கில் போடட்டும், நீ பள்ளிக்குக் கட்டு. கூடப்பிறந்தவன் கொடுப்பதற்கு உனக்கு வரியும் வராது.

பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்கிலும் இதே இழுபறி வருகிறது. 2015-ல் திட்டம் வந்தபோது பேத்தி மேல் இருந்த ஆசையில் தாத்தாக்கள் போஸ்ட் ஆபீசுக்குப் போய் கணக்கு ஆரம்பித்தார்கள். ஒரு பெண் குழந்தைக்கு ஒரு கணக்குத்தான். அது தெரியாமல் அப்பா இன்னொரு இடத்தில் வங்கியில் ஆரம்பித்திருப்பார். 2024 அக்டோபர் 1 முதல் அமலான வழிகாட்டுதலின்படி, தாத்தா பாட்டி ஆரம்பித்த கணக்கில் காப்பாளராகப் பெற்றோர் பெயரை மாற்ற வேண்டும். இன்னும் மாற்றாமல் இருந்தால் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்விடு. இரண்டு கணக்கு இருந்தால் மறைக்காதே, நீயே போய்ச் சொல்லிவிடு. கழிவு பணம் போட்ட பெற்றோருக்கு. அதனால் யார் போடுவது என்பதை ஏப்ரலிலேயே பேசிவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் அவர் பாதி, நீ பாதி என்று அவசரமாகப் போட்டு வரம்பைத் தாண்டாதீர்கள்.

காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணத்தைக் குழந்தை பேரில் டெபாசிட் போட்டு வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வட்டிக்கு யார் கணக்கு? 18 வயது ஆகாத பிள்ளையின் வருமானம், தாய் தகப்பனில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடையதோடு சேரும். காப்பாளர் கையெழுத்து யாருடையது என்பது கேள்வியே இல்லை. நீ கையெழுத்துப் போட்ட டெபாசிட்டாக இருந்தாலும் அவருக்கு வருமானம் அதிகம் என்றால் வட்டி அவர் ரிட்டர்னில்தான் வர வேண்டும். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் விலக்கு உண்டு, புதியதில் அதுவும் இல்லை. ஒரு வருடம் ஒருவர் கணக்கில் சேர்த்துவிட்டால் அடுத்த வருடமும் அவரிடமே நிற்கும், அதிகாரி விசாரித்து மாற்றினால்தான் மாறும். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது, பாட்டுப் போட்டிப் பரிசு மாதிரி, அது பெற்றோர் கணக்கில் சேராது. பிள்ளையின் தனிக் கணக்குத்தான்.

காப்பாளர் என்றதும் ஒரு வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்கு வங்கி கவுன்டரில் "அப்பா வரலையா?" என்று கேட்டால் உன்னால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறதே, அதற்குப் பின்னால் ஒரு பெண் நடத்திய போராட்டம் இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். 1984-ல் அவரும் கணவரும் சேர்ந்து மகன் பேரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார்கள். இந்த முதலீட்டுக்கு அம்மாவே காப்பாளர் என்று இரண்டு பேரும் ஒத்து எழுதியும் கொடுத்தார்கள். விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அம்மா நீதிமன்றத்தில் காப்பாளர் சான்று வாங்கி வர வேண்டும் என்றார்கள். கணவர் எதிர்க்கவில்லை, பணம் இருக்கிறது, பிள்ளை பெற்ற பிள்ளை. ஆனாலும் 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டத்தில் "தந்தை, அவருக்குப் பிறகு தாய்" என்று இருந்த அந்த ஒரு சொல் குறுக்கே நின்றது. கீதா உச்ச நீதிமன்றம் போனார். 1999 பிப்ரவரி 17-ஆம் தேதி தீர்ப்பு. "பிறகு" என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோது, பிள்ளை முழுக்கத் தாயின் பராமரிப்பில் இருக்கும்போது, அல்லது இருவரும் அப்படி ஒத்துக்கொள்ளும்போதும் தாயே இயற்கைக் காப்பாளர் என்றது நீதிமன்றம். பதினான்கு வருடம் ஆனது. அந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து எழுதப் போவது பிரிந்து வாழும் தங்கச்சிகளுக்கு. எழுதும்போதே மனசு கனக்கிறது. ஏனென்றால் இதில் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையையே இழுப்பார்கள். "நான்தான் ஃபீஸ் கட்டறேன், பிள்ளை எனக்கு" என்று அவர் சொல்வார். வரிக் கழிவுக்கும் பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை உன்னிடம் வளர்ந்தாலும், அவர் நேராகப் பள்ளிக்குக் கட்டினால் கழிவு அவருக்கு. அவர் ஜீவனாம்சமாக உன் கணக்கில் போட்டு, நீ பள்ளிக்குக் கட்டினால் கழிவு உனக்கு. அவர் கொடுக்கும் ஜீவனாம்சத்துக்கு என்று தனிக் கழிவு சட்டத்தில் இல்லை. பேச்சுவார்த்தை நடக்கும்போதே எந்த வழியில் கட்டணம் போகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடு. எழுதாமல் விட்ட வீடுகளில்தான் ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி வாசலில் நின்று அழுகிறார்கள்.

டெபாசிட் வட்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம். விவாகரத்து ஆகிவிட்டால், பிள்ளையை வளர்ப்பவர் கணக்கில் வட்டி சேரும். ஆனால் விவாகரத்து ஆகாமல் தனித்தனியாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் திருமணம் நிற்கிறது, ஆகவே வருமானம் அதிகம் உள்ளவர் கணக்குத்தான். கோர்ட்டில் தேதி மேல் தேதி போய்க்கொண்டு இருக்கும் வீடுகளில் இதைத் தெரியாமல் இருவரும் விட்டுவிடுகிறார்கள், இல்லை இருவரும் காட்டிவிடுகிறார்கள். இன்னொன்று: 2018 டிசம்பர் 5 முதல், தனியாக வளர்க்கும் தாய் பிள்ளையின் பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது அப்பா பெயர் கட்டாயமில்லை, அம்மா பெயர் மட்டும் போதும். இதற்காக யாருடைய வாசலிலும் கையெழுத்துக்கு நிற்காதே.

மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு 80டிடி பிரிவு. பழைய முறையில் 75,000, கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000. இதற்குச் செலவுக் கணக்கை ரூபாய் ரூபாயாகக் காட்ட வேண்டாம், மருத்துவச் சான்று வேண்டும். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் தெரபிக்கும் அழைத்துக்கொண்டு அலையும் அம்மாவின் பேரில் செலவு போனால் அவள் கணக்கில் வரட்டும். இரண்டு பேரும் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிகள் இதைப் படித்துவிட்டு அங்கே அப்படியே செய்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பிள்ளையே ஒரு வரிச் சலுகை. கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் வரை பிரச்சினை இல்லை. பிரிந்துவிட்டால், வருடத்தில் பிள்ளை அதிக இரவுகள் யார் வீட்டில் தூங்கியதோ அவருக்குத்தான் உரிமை. இரவுகள் சமம் என்றால் வருமானம் அதிகம் உள்ளவருக்கு. மற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் 8332 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. அங்கே இருப்பவர்கள் பிள்ளை தங்கிய நாட்களைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். சிங்கப்பூரில் பிள்ளைக்கான சலுகையைப் பெற்றோர் பேசிப் பிரித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இரண்டு பேரும் ஒரே ரசீதைக் காட்டி ரிட்டர்ன் போட்டுவிட்டால்? பயப்படாதே, ஆனால் சும்மாவும் இருக்காதே. கெடு இருக்கும்போதே ஒருவர் திருத்திய ரிட்டர்ன் போட்டுக் கழிவை எடுத்துவிடுங்கள். கெடு போய்விட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம், 48 மாதம் வரை அவகாசம் உண்டு. தாமதிக்கத் தாமதிக்கக் கூடுதல் வரி ஏறும். முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், கடைசியில் 70 சதவீதம். அவர்களாகக் கண்டுபிடித்துத் தவறாகக் காட்டினாய் என்று முடிவு செய்தால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரைக்கும் போகும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை. 80சி அதில் 123-ஆம் பிரிவு. எண் மாறியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பள்ளிக் கட்டண விஷயம் அதேதான்.

இந்த ஜூன் பள்ளி திறக்கும்போது ஃபீஸ் கட்ட நீ போகிறாயா, அவர் போகிறாரா என்று இன்றைக்கே கேட்டுக்கொள். கழிவு யாருக்கு வேண்டுமோ அவர் போனில் இருந்து பணம் போகட்டும். கவுன்டரில், "பெற்றோர் பெயர்னு வர்ற இடத்துல கட்டறவங்க பெயரைப் போடுங்க, தலைப்பு வாரியா பிரிச்சுக் குடுங்க" என்று கேள். தங்கச்சி போன வருடம் அப்படிக் கேட்டாள். அங்கே இருந்த பொண்ணு, "இப்படி எல்லாரும் முன்னாடியே சொல்லிட்டா எங்களுக்கு பிப்ரவரியில வேலை மிச்சம்ங்க" என்று சொல்லி அங்கேயே மாற்றி அச்சடித்துக் கொடுத்தாளாம்.